நாயின் சலப்பையில் கல்: மன்னார்க் கோடைக்குச் சில குறிப்புகள்

மாரி மழை தையோடு ஓய்ந்துவிட்டால் மன்னார்த் தீவில் பல கிணறுகள் மெல்ல மெல்லச் சவர்க்கத் தொடங்கும். மணலுக்கு அடியில் மழைநீர் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிற மண் இது. சவர்த்தண்ணியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். குடிக்கிற தண்ணீர் குறைந்தால் சலம் தடிக்கும். தடித்த சலத்தில் கரைந்துள்ள உப்புகள் படிந்து கல்லாகும்.

1. நீங்கள் குடிக்கிற தண்ணீரையே நாய்க்கும் வையுங்கள். நிழலில் இரண்டு இடத்தில் மண்சட்டி, காலையும் மாலையும் புதுத்தண்ணீர். 10 கிலோ நாய்க்கு, தீனியில் உள்ளதையும் சேர்த்து, நாளொன்றுக்கு அரை லீட்டருக்குக் குறையக்கூடாது.

2. கடைத்தீனியை ஊறவைத்தே கொடுங்கள். சோற்றைக் குழைத்து, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் மீன் அவித்த தண்ணீரை விட்டால் சட்டியை நக்கித் துடைத்துவிடும்.

3. கருவாட்டுத் தலை வேண்டாம். பேசாலையில் வாடிப் பக்கம் வளர்கிற நாய்க்கு இதைத் தடுப்பது கஷ்டம்தான். ஆனாலும் கல் வந்த நாய்க்கு உப்பு கூடிய தீனி சலத்தோடு போகும் கல்சியத்தைக் கூட்டக்கூடும்.

4. கட்டிவைத்த நாயை நாளுக்கு நாலு தடவையாவது அவிழ்த்துவிடுங்கள். சலத்தை அடக்கி வைத்திருப்பது கெடுதி.

5. எங்கள் பெட்டை நாய் ஒருநாள் முற்றத்து வெள்ளை மணலில் ஐந்தாறு இடத்தில் குந்திக் குந்தி எழும்பியது. ஒவ்வொரு இடத்திலும் சில துளிதான், ரோசா நிறத்தில். அதைக் கண்டால் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் போங்கள். கடுவன் முக்கியும் சலம் வராவிட்டால் ஒரு மணி நேரமும் பொறுக்காதீர்கள். அடைப்பு உயிரை எடுத்துவிடும்.

6. எந்தக் கல் என்று அறியாமல் தீனியை மாற்றாதீர்கள். ஸ்ட்ரூவைட் கல் பெரும்பாலும் கிருமித் தொற்றால், பெட்டைகளில் கூடுதலாக வருவது. வைத்தியர் சொல்லும் தனித்தீனியும் கிருமிக்கொல்லி மருந்தும் சேர்ந்தால் சில கிழமைகளிலோ மாதங்களிலோ அது கரையும். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கல் கரையாது.

7. ஒக்சலேட் கல்லை எந்தத் தீனியும் கரைக்காது. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் என்று நாட்களைப் போக்காமல் எடுப்பித்துவிடுங்கள். பொமரேனியன் வகைக்கு இது கூடுதலாக வரும். பிறகு பசளி, முளைக்கீரை, கல்சியம், விற்றமின் சி குளிசைகளைத் தவிருங்கள்.

8. டல்மேஷனுக்கு வருவது யூரேற் கல். பிறவியிலேயே உள்ள குறை. ஈரல், நெத்தலி, சூடை எதுவும் கொடுக்கக்கூடாது. மேலே சொன்ன மீன் தண்ணீரும் அதற்கு ஆகாது.

9. கல் போன பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சலம் பரிசோதியுங்கள். விடியற்காலையில் நாய் குந்தும்போது கழுவிக் காயவைத்த அகப்பையை நீட்டிப் பிடித்து, சுத்தமான போத்தலில் ஊற்றிச் சுணங்காமல் கொண்டுபோங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். சலம் குளிர்ந்தால் நாயின் சலப்பையில் இல்லாத படிகங்கள் போத்தலுக்குள் தோன்றிவிடும்.