தாத்தாவின் கைப்பேசிக்கு நிரல் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தோ பாயோ லோரோங் 8, காளியம்மன் கோவில் வாசலில் அன்று நீ பையிலிருந்து எடுத்துக் காட்டிய நோக்கியா 6600 இன்னும் என் நினைவில் இருக்கிறது. தாத்தாவின் கைப்பேசி, அதில் தமிழ் தட்டும் செயலியை நானே எழுதப் போகிறேன் என்றாய். இந்தக் காலத்தில் இது யாருக்கு என்று உன் நண்பர்கள் கேட்கிறார்களாம். கேட்கட்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலையொட்டி வெளிவந்தது இந்தச் சிங்கப்பூரில்தான். கைப்பேசிக்குள் தமிழ் எழுத்துரு இல்லாத காலம் அது. அந்த வழியில் நீயும் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது.

முதலில் கணினியைத் தயார் செய். சன் நிறுவனத்தின் வயர்லெஸ் டூல்கிட் 2.5.2 போதும். ஜாவா 8-க்கு மேல் போகாதே. 9-இலிருந்து இந்தக் கைப்பேசிக்கேற்ற 1.3 வடிவத்துக்குத் தொகுத்துத் தராது. தொகுத்த பிறகு ப்ரீவெரிஃபை என்றொரு படி உண்டு. அதை விட்டால் கைப்பேசி செயலியை ஏற்காது. எமுலேட்டரில் ஓடியதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதே. ஜார் கோப்பைப் புளூடூத்தில் அனுப்பி, அன்றன்றைக்கே கையிலுள்ள கருவியில் ஓட்டிப் பார். கணினியில் கண்ணுக்கே தெரியாத தாமதம் அங்கே கட்டைவிரலில் தெரியும்.

இனி எழுத்து. இதில்தான் நீ அதிக நாள் செலவிட வேண்டும். 247 எழுத்துக்கும் படம் வரையத் தேவையில்லை. கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, புள்ளி எல்லாம் தனித் துண்டுகள். உகர, ஊகார வரிசைக்கு மட்டும் ஒவ்வொன்றாக 36 வரைய வேண்டும், ‘டி’, ‘டீ’ இரண்டும் தனி. கிரந்தத்தை விட்டால் எல்லாம் நூற்றுக்குள் அடங்கும். 16 புள்ளி உயரம், 24 அகலம் என்று வைத்தால் ஓர் எழுத்துக்கு 48 பைட், மொத்தம் 5 கிலோபைட்டைத் தாண்டாது. அக்காலத்து நோக்கியாக்கள் சில 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட செயலியை ஏற்றதே இல்லை என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், நினைவகத்திலோ ‘க’தான் முதலில் இருக்கும். வரையும்போது வரிசையை மாற்ற வேண்டியது உன் பொறுப்பு.

அழிப்பு விசையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் எழுதிய முதல் செயலியில் அதை அழுத்தினால் ‘கொ’ முழுவதும் போய்விடும். தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்த கட்டுமான ஊழியர் ஒருவர், “அண்ணே, கொம்பு தப்பினா ‘க’வையும் திரும்பத் தட்டணுமா?” என்று கேட்டார். நாள் முழுக்கக் கம்பி கட்டிய விரல்கள் அவை. அன்றிரவே மாற்றினேன். உன் செயலியில் குறி மட்டும் அழியட்டும், ‘க’ நிற்கட்டும்.

எண்ணிக்கையும் காட்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் யூனிகோடு என்பதால் 70 இடம். ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கைப்பேசிக்கு ஏழு இடம். எவ்வளவு மிச்சம் என்று தட்டுகிறவருக்குத் தெரியாவிட்டால் ஒரு செய்தி இரண்டாகி, காசும் இரண்டாகும்.

இங்கே 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது. 6600-இல் 3ஜி கிடையாது. ஆகவே சிம் போட்டு அனுப்பிச் சோதிக்க முடியாது. வருந்தாதே. தட்டுவதும் சேமிப்பதும் திரையில் படிப்பதும் சிம்முக்காகக் காத்திருக்கும் வேலைகள் அல்ல. தாத்தா திரையைப் பார்த்துத் தன் பெயரைத் தமிழில் தட்டினால் அதுவே பெரிய சோதனை. அவர் எந்த விசையில் தயங்குகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார், வாய் திறக்காதே.

மின்கலம் உப்பியிருந்தால் சார்ஜில் போடாதே, புதிதாக ஒரு பிஎல்-5சி வாங்கு. தடித்த முனை சார்ஜர் என்னிடம் இரண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை என் புளோக் கீழ்த்தளத்துக்கு வா, தாத்தாவையும் அழைத்து வா.

அன்புடன்,
அண்ணன்