மறதிக்கு எத்தனை கோட்?

‘கோடிங் வேலை’ன்னு கேம்பஸ் நோட்டீஸ்ல பார்த்துட்டு, லிங்க்டு லிஸ்ட், பைனரி ட்ரீ எல்லாம் விடிய விடியப் படிச்சுட்டுப் போனேன். அங்கே போனா மெடிக்கல் கோடிங். உங்கள்ல பல பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். ஜூனியர்களுக்கு அடுத்த வருஷம் கிடைக்கும். டாக்டர் எழுதின குறிப்பைப் படிச்சு, அதுல இருக்கிற ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுறதுதான் வேலை. சென்னையில ஆயிரக்கணக்கான பேர் அமெரிக்க நோயாளிகளோட ஃபைல்களுக்கு இதைச் செய்றாங்க. அந்த எண்ணை வச்சுத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் நகருது.

பயிற்சியில என்னை ரொம்பக் குழப்பினது டிமென்ஷியா. அதையே எடுத்துக்கிட்டதுக்கு வீட்டுக் காரணமும் ஒண்ணு இருக்கு.

டிமென்ஷியாங்கிறது ஒரே நோய் இல்லை. ஞாபகம், யோசனை, பேச்சு, அன்றாட வேலை எல்லாம் தடுமாறுகிற நிலைக்குப் பொதுப் பெயர். காய்ச்சல் மாதிரின்னு வச்சுக்கோங்க, பின்னாடி எது வேணா இருக்கலாம். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சோ வெடிச்சோ மூளை திசு செத்துப்போய் வருவது வாஸ்குலர் டிமென்ஷியா. அல்சைமர்ஸ் பெரும்பாலும் மெதுவா, சரிவு மாதிரி இறங்கும். வாஸ்குலர் பல பேருக்கு மாடிப்படி மாதிரி: கொஞ்ச நாள் அப்படியே இருக்கும், திடீர்னு ஒரு படி கீழே.

அமெரிக்காவில் பயன்படுத்துவது ஐசிடி-10-சிஎம். உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10-ஐ அவங்க தேவைக்கு விரிவாக்கினது. (கோடுகளை இங்கே தமிழ் எழுத்துல தந்திருக்கேன், சிஸ்டம்ல ஆங்கில எழுத்துதான் தட்டணும்.) வாஸ்குலர் டிமென்ஷியாவுக்கு எஃப்01. அல்சைமர்ஸ், லூயி பாடி மாதிரி வேறொரு நோயால வந்ததுக்கு எஃப்02. என்ன வகைன்னே டாக்டர் எழுதலைன்னா எஃப்03.

எஃப்02 எப்பவும் தனியா வராது. காரணமான நோய் முதல்ல, டிமென்ஷியா ரெண்டாவது. அல்சைமர்ஸ்னா ஜி30.9 போட்டுட்டு அப்புறம் எஃப்02.80. லூயி பாடின்னா ஜி31.83 முன்னாடி. வரிசை மாறினா தப்பு, அவ்வளவுதான். எஃப்01-க்கும் இதே கதை: பழைய பக்கவாதத்தோட பின்விளைவுன்னு டாக்டர் எழுதியிருந்தா, அதுக்குரிய ஐ69 வரிசைக் கோட் முதல்ல வரணும்.

2022 அக்டோபர் 1-க்கு முன்னாடி எஃப்01-ல ரெண்டே கோட்தான்: நடத்தைக் கோளாறு இல்லைன்னா எஃப்01.50, இருந்தா எஃப்01.51. அன்னைக்கு அது 24 ஆச்சு. பயந்துடாதீங்க, இது வெறும் 4 பெருக்கல் 6. புள்ளிக்கு அடுத்த எழுத்து தீவிரத்தைச் சொல்லும்: ஏ லேசானது, பி நடுத்தரம், சி கடுமையானது, தீவிரம் எழுதலைன்னா 5. அதுக்கப்புறம் வருவது கூட இருக்கிற தொல்லை: எதுவும் இல்லைன்னா 0, கிளர்ச்சி 11, மற்ற நடத்தைக் கோளாறு 18, மனப்பிரமை மாதிரியானவை 2, மனநிலை மாற்றம் 3, பதற்றம் 4. ஆக, நடுத்தர வாஸ்குலர் டிமென்ஷியா, கூடவே கிளர்ச்சின்னா எஃப்01.பி11. எஃப்02, எஃப்03-க்கும் இதே டேபிள்தான், ஆனா தீவிரம் தெரியாத இடத்துல 5-க்குப் பதிலா 8, 9 வரும். ஏன் மூணுக்கும் ஒரே எண் வைக்கலைன்னு என்கிட்ட கேட்காதீங்க! வீட்டை விட்டு வழி தெரியாம அலையுறவங்களுக்கு இசட்91.83-ன்னு கூடுதல் கோட் ஒண்ணும் உண்டு.

இதெல்லாம் ஒரு வாரத்துல பழகிடும். கஷ்டமான விதி வேற: டாக்டர் எழுதாததை நீங்க எழுதக்கூடாது. ஃபைல்ல பக்கவாதம் இருக்கு, டிமென்ஷியாவும் இருக்குன்னு நாமளே முடிச்சுப் போட்டு எஃப்01 கொடுக்கக்கூடாது. ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’னு எழுதியிருந்தா? ஓபி விசிட்னா அந்த நோய்க்குக் கோட் கிடையாது, அறிகுறிக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரியில படுத்து டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அப்படியே இருந்தா, நோய் இருக்கிறதாவே எடுத்துக்கலாம். தெளிவில்லைன்னா டாக்டருக்குக் கொயரி அனுப்பணும். அதுலயும் ‘இது வாஸ்குலர்தானே சார்?’னு பதிலை வாயில ஊட்டக்கூடாது.

இந்த விதியைப் படிச்ச வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஆச்சிக்கு மூணு வருஷமா மறதி. சும்மா பழகிப் பார்க்கலாமேன்னு ஆச்சியோட ஃபைலை எடுத்தேன். பிபி இருக்கு. பழைய பக்கவாதம் இருக்கு. கடைசி வரியில ‘டிமென்ஷியா’ன்னு ஒரே சொல். ரெண்டு தடவை திடீர் திடீர்னு சரிஞ்சதை நான் கண்ணால பார்த்திருக்கேன். கை எஃப்01-க்குப் போச்சு. விதிப்படி வந்தது எஃப்03.90: வகை தெரியாது, தீவிரம் தெரியாது, கூட எந்தத் தொல்லையும் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, செத்துப்போன தாத்தாவுக்குச் சோறு போடணும்னு அம்மாகிட்ட சண்டை போடுற ஆச்சிக்கு, காகிதத்துல எந்தத் தொல்லையும் இல்லை.

நம்ம ஊர்ல அந்தக் கோடால ஆச்சிக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை. ஆனா அந்த ஒரு சொல்லை வச்சுக்கிட்டு வீட்ல எல்லாரும் ‘வயசானா அப்படித்தான்’னு முடிவு பண்ணியிருந்தோம். பிபி மாத்திரை தீர்ந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது, யாரும் வாங்கலை. வாஸ்குலர்னா போன மூளை திரும்பாது. ஆனா பிபியைக் கட்டுப்பாட்டுல வச்சா அடுத்த பக்கவாதம் வர்ற வாய்ப்பு குறையும். அடுத்த படி இறங்காம இருக்க நம்ம கையில இருக்கிறது அதுதான்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்க நானும் கூடப் போனேன். பதிலை ஊட்டலை. “டாக்டர், இது எந்த வகை, எந்த அளவுல இருக்கு?”ன்னு மட்டும் கேட்டேன். அவர் பழைய ஸ்கேனை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார், ஆச்சிகிட்ட அஞ்சாறு கேள்வி கேட்டார், ராத்திரி என்ன பண்றாங்கன்னு அம்மாகிட்ட விசாரிச்சார். அப்புறம் எழுதினார்: வாஸ்குலர் டிமென்ஷியா, நடுத்தரம், கிளர்ச்சியுடன். கீழே பிபி மாத்திரை, தினமும், நிறுத்தக்கூடாதுன்னு அடிக்கோடு போட்டு.

வர்ற வழியில மெடிக்கல்ல ஒரு மாசத்துக்கு வாங்கிட்டு வந்தோம்.