ஈரம் போனாலும் நிறம் போகாத பூக்கள்

ஜாடியில் வைக்கவும் உலர்த்தி வைக்கவும் தோட்டத்திலிருந்தே பூ வேண்டும் என்பவர்கள், அழகைப் பார்க்கும் முன் அந்தப் பூவின் நிறம் எந்த உறுப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பருவச் செடியைத் தவறாகத் தேர்ந்தால் அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். பல ஆண்டுச் செடி இடம்பிடித்து வேரூன்றி நின்றுவிடும். சம்பங்கியை எடுத்துக்கொள்வோம். கதிரின் அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்டி நீரில் வைத்தால், மேல்மொட்டுகள் வரிசையாக விரிந்து அறையே மணக்கும். ஆனால் அதன் இதழ் சதைப்பற்றானது. காய வைத்தால் பழுப்பேறிச் சுருங்கிவிடும். காகிதப்பூவில் நாம் பூ என்று பார்க்கும் மூன்று வண்ண மடல்களோ இதழ்களே அல்ல, உருமாறிய இலைகள். உண்மையான பூ நடுவில் சிறு வெண்குழலாக நிற்கிறது. மடலில் நீர் மிகக் குறைவு, அதனால் காய்ந்த பின்னும் வடிவம் கலைவதில்லை. ஸ்டாட்டிஸிலும் இதே கதைதான்: வெண்ணிற இதழ்கள் உதிர்ந்த பின்னும் ஊதாவாக நிற்பது புல்லிவட்டம்.

வண்ண மடல் இருந்தாலே போதுமா என்றால், போதாது. ஹெலிகோனியாவின் செம்மடலும் இதழல்லதான். ஆனால் தடித்து நீர் நிறைந்தது, தொங்கவிட்டால் கறுத்துப்போகும். ஜாடியில் மட்டுமே அதற்கு மதிப்பு. ஆகவே நர்சரியில் செடி வாங்கும்போது விரிந்த பூ ஒன்றை இரு விரலுக்கிடையே மெல்லத் தேய்த்துப் பார்க்கச் சொல்வேன். காகிதம்போல் சரசரத்தால் அது இரண்டுக்கும் உதவும். குளிர்ந்து வழவழத்தால் ஜாடியோடு சரி.

இரண்டுக்கும் உதவுவதில் மலைத்தோட்டக்காரர்களுக்கு ஹைட்ரேஞ்சியாவைவிட நல்ல செடி இல்லை என்பது என் அனுபவம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மண் அமிலத்தன்மை உள்ளது. அலுமினியத்தை வேர் எளிதாக எடுத்துக்கொள்வதால் பூ நீலமாகிறது, சுண்ணாம்பு இட்டால் இளஞ்சிவப்புக்கு மாறும். இளம் பூங்கொத்தை வெட்டினால் சில மணி நேரத்திலேயே தலைசாய்ந்துவிடுகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். கொத்து முழுவதையும் குளிர்ந்த நீரில் அரை மணிநேரம் மூழ்க வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும், ஏனென்றால் இதில் இதழ்போல் தெரியும் வண்ணப் புல்லிகளும் நீரை உறிஞ்சக்கூடியவை. உலர்த்துவதற்கோ அவசரம் கூடாது. நீலம் மங்கிப் பச்சையும் செம்மையும் கலந்த நிறம் ஏறி, தொட்டால் விறைப்பாகும் வரை செடியிலேயே விட வேண்டும். பிறகு வெட்டி, ஜாடியில் இரண்டு அங்குலம் நீர் ஊற்றி வைத்து, அந்த நீர் தானே வற்ற விட்டுவிடலாம். நீளமான காம்புக்கு ஆசைப்பட்டுக் கீழே வெட்டுவதுதான் ஆபத்து. பெரும்பாலான வகைகள் பழைய தண்டில்தான் அடுத்த ஆண்டுக்கான மொட்டை வைத்திருக்கும். பருத்த கணுமொட்டு இணைக்குச் சற்று மேலேயே கத்தி நிற்க வேண்டும்.

முற்றும் வரை காத்திருப்பதை எல்லாப் பூவுக்கும் பொருத்தினால் கெட்டுவிடும். ஸ்ட்ரா பூவை முழுக்க விரியவிட்டு வெட்டினால், காயும்போது மேலும் விரிந்து நடுப்பகுதி பிதுங்கிவிடும். வெளிவரிசை மடல்கள் இரண்டு மூன்று திறந்ததுமே எடுக்க வேண்டும். நாணலின் கதிரும் பஞ்சு விரியும் முன் வெட்டினால்தான் உதிராது. ஜாடிக்கு என்றால் அதிகாலை, தண்டில் நீர் நிறைந்திருக்கும் நேரம். உலர்த்துவதற்கு என்றால் பனி முழுக்க விலகிய பிறகு. கொத்தைச் சணலால் கட்டாதீர்கள்: காயக் காயத் தண்டு மெலிந்து ஒவ்வொன்றாக நழுவும். ரப்பர் பேண்டு தண்டோடு சேர்ந்து தானும் இறுகும். வெயிலில் காய வைப்பதுதான் நம் பழக்கம், ஆனால் வெளிச்சமே நிறத்தின் எதிரி. காற்றோட்டமுள்ள இருட்டறையில் சிறு கொத்துகளாகத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தண்டு படக்கென ஒடியும், அதுவே பதம்.

சிலிக்கா ஜெல்லில் புதைத்தால் ரோஜாகூடக் காய்கிறதே என்று கேட்கலாம். காய்கிறது, நிறமும் நிற்கிறது. ஆனால் அந்த இதழ் காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சித் தொய்ந்துவிடும். கடலோர ஊர்களில் அதை மூடிய கண்ணாடிக்குள்தான் வைக்க முடியும். இன்னொரு கேள்வி இன்னும் நியாயமானது: வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் சில மாதத்திலேயே பூத்துக் கொட்டும்போது, பல ஆண்டுச் செடிக்கு ஏன் காத்திருப்பது? அவற்றை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. பெரிய செடி நிலைபெறும் வரை இடைவெளியை அவை நிரப்பட்டும். ஆனால் அவற்றுக்குப் பருவந்தோறும் விதை, பாத்தி, நாற்றுப் பராமரிப்பு வேண்டும். வேரூன்றிய புதருக்கு ஆண்டுக்கொருமுறை மட்கிய எரு போதும். அதே புதரில் இளம் கொத்தில் பாதியை ஜாடிக்கு எடுத்துவிட்டு, மீதியை முற்றவும் விடலாம்.

சமவெளியில் தாமரைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்த வசதி உண்டு: பூ சில நாளில் உதிர்ந்தாலும் பொகுட்டு நிற்கும். தூத்துக்குடியிலிருந்து ஏற்றுமதியாகும் உலர்மலர்ச் சரக்கில் அதுவும் ஒன்று. எதை உலர்த்தினாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மழை மாதங்களில் கொத்துகளைப் பிளாஸ்டிக் பையில் அல்ல, அட்டைப்பெட்டியில், காய்ந்த வேப்பிலையோடு வைக்க வேண்டும்.