பழசைக் கொடுத்துப் பழசை வாங்கிய கதை

என் இண்டிகா டீசலுக்கு 15 வயது. டைனமோவில் கார்பன் தேய்ந்து, சார்ஜ் விட்டுவிட்டு ஏறியது. அவ்வளவுதான் வியாதி. சரிசெய்ய ஒரு நாள் ஆகும் என்றார் மெக்கானிக். அன்று ராத்திரியே விழுப்புரம் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். டைனமோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுப்பேட்டையில் ஒரு பழைய உதிரிபாகக் கடைக்கு ஓடினேன்.

"எதுக்கு சார் காத்திருக்கீங்க? ரீகண்டிஷன் பண்ணது ரெடியா இருக்கு. பழசைக் குடுங்க, ஆயிரம் கழிச்சுக்கலாம்."

கொடுத்தேன். அதுதான் தப்பு. ரீகண்டிஷன் வாங்கியதே தப்பு என்று என் மச்சான் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த வயசு வண்டிக்குப் புது டைனமோவா வாங்குவார்கள்? எங்கே எப்படி ஓடியது என்று எனக்குத் தெரிந்த டைனமோவைக் கொடுத்துவிட்டு, எவர் வண்டியிலோ அடிபட்ட ஒன்றை வாங்கி வந்தேனே, அதுதான் தப்பு. ஸ்க்ரூ தலைமேலும் நம்பர் தகட்டின்மேலும் சேர்த்து வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தார்கள். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

இண்டிகா டீசலில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கும். எஞ்சின் ஆயில் அதற்குள்ளும் ஓடும். மதுராந்தகம் தாண்டியதும் பேட்டரி விளக்கு எரிந்தது, ஹெட்லைட் மங்கியது. வண்டி நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. டோல்கேட்டில் பிரேக்கை மிதித்தால் பெடல் கருங்கல்லாக இருக்கிறது! இரண்டு காலையும் ஊன்றி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, முன்னால் நின்ற லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினேன்.

பிரித்தால், உள்ளே அதே பழைய ஆயில் சீல். கசிந்த ஆயிலில் கார்பன் ஊறிக் கிடந்தது. பம்பும் தேய்ந்தது. கடைக்காரர் சொன்னது: "எலெக்ட்ரிக்கல் அயிட்டத்துக்கு கேரண்டி கிடையாது சார்."

உங்கள் டைனமோவையே கொடுத்து, உட்கார்ந்து செய்து வாங்குங்கள். கழற்றிய பேரிங், கார்பன், சீல் எல்லாவற்றையும் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மாட்டியதும் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வையுங்கள்: 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நல்லது, 15ஐத் தாண்டினால் பேட்டரி வெந்துவிடும். பிறகு எஞ்சினை அணைத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

என் பழைய டைனமோவின் பின்மூடியில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி இருக்கும். யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள், கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.