எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்று



மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஆயில் மாற்றும்போது எத்தனை மில்லி, என்ன கிரேடு என்றுதான் முதலில் கேட்போம். உன் கவனம் அதற்கு மேலே மிஞ்சுகிற காற்றின் மீதும் இருக்கட்டும். மூடி இறுக்கிய பைப்புக்குள் அந்தக் காற்று போக வழியில்லாமல், ஃபோர்க் இறங்க இறங்கச் சுருங்கி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கோடு இன்னொரு ஸ்பிரிங்காகச் சேர்ந்துகொள்கிறது. ஆயில் சுருங்காது. அதனால் ஆயில் மட்டம் உயர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும். வாயை அடைத்த சைக்கிள் பம்ப் கடைசியில் முரண்டு பிடிப்பதுபோல, ஃபோர்க்கின் கடைசிப் பகுதி கெட்டியாகும். கடைசிப் பகுதி என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே அகலக் குழாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்: 250 மி.மீ. காற்று 150 மி.மீ. அமுங்கி 100 ஆனால் அழுத்தம் 2.5 மடங்கு. ஆயிலை 20 மி.மீ. ஏற்றினால் 230 என்பது 80 ஆகும், அழுத்தம் ஏறக்குறைய 2.9 மடங்கு. ஆனால் முதல் 50 மி.மீ. இறக்கத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.25, 1.28 என்ற அளவுதான். ஓட்டுபவர் கைக்கு அது தெரியவே தெரியாது.

“ஆயில் கூட்டினால் பிரேக்கில் முன்பக்கம் குனிவது குறைகிறதே” என்று சொல்வார்கள். பொய்யில்லை, பலமாகப் பிரேக் பிடித்தால் ஃபோர்க் ஆழமாக இறங்குவதால் காற்று தாங்கிக்கொள்ளும். ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்ததுமே அதிகம் அமுங்குகிற வண்டிக்குத் தேவை சரியான ஸ்பிரிங். அதை ஆயிலால் ஈடுகட்டப் போனால் பள்ளத்தில் விழும்போது கை அதிரும். இன்னும் கூட்டினால் காற்றுக்கு இடமே இல்லாமல் ஃபோர்க் பாதியில் நின்று, ஆயில் சீல் பிதுங்கும். குறைத்தாலும் ஆபத்துண்டு: டேம்பிங் துளைகளுக்குள் காற்று புகுந்து ஆயில் நுரைக்கும், முன்சக்கரம் அடங்காமல் துள்ளும். ஆயிலைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பைப்பில் கட்டிய ஒரு கேபிள் டை காட்டிவிடும். வழக்கமான சாலையிலேயே அது கடைசிவரை தள்ளப்பட்டிருந்தால் 5 மி.மீ. ஏற்று, மோசமான பள்ளத்திலும் நிறைய இடம் மிஞ்சியிருந்தால் இறக்கு.

“கம்பெனி புத்தகத்தில் மில்லி கணக்கு இருக்கிறதே, ஸ்கேல் வைத்து மட்டம் அளப்பது எதற்கு?” என்ற கேள்வி நியாயமானது. அந்த அளவு பெரும்பாலும், முழுக்கப் பிரித்துத் துடைத்த ஃபோர்க்குக்கு உரியது. கவிழ்த்து வடித்ததில் பழைய ஆயில் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். 37 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் 10 மில்லி மிஞ்சினாலே மட்டம் 9 மி.மீ. ஏறிவிடும், இருபுறமும் ஒரே அளவு மிஞ்சும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. எனவே ஊற்றியபின் மெதுவாகப் பலமுறை மேலும் கீழும் அசைத்துக் குமிழி போக்கு. புத்தகம் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுக்க இறக்கி, நேராக நிறுத்தி, பைப் விளிம்பிலிருந்து ஆயில்வரை அள. இந்த எண் பெரிதானால் ஆயில் குறைவு என்று அர்த்தம். அவசரத்தில் இதைத்தான் தலைகீழாகப் படிப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் சீல் ஒழுகி வந்த வண்டியிலும் இரண்டு பக்கத்தையும் திறந்து, ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே மூடியை இறுக்கு.