மக்கள் உணவும் மாக்கள் உணவும்

பல்கலைக்கழகங்களிற் கற்கப்படும் கலைகள் பலவற்றுள்ளும் உணவூட்டவியல் என்பது, புறத்தே நின்று நோக்குவார்க்கு மிக எளியதொன்றாகவே தோன்றும். "உண்பதை அறியாதார் யாவர்? அடுக்களையில் அன்னையரும் தொழுவத்தில் உழவரும் அறியாததொன்றை ஆசிரியர் எங்ஙனம் கற்பிப்பார்?" என்று வினவுவாரும் உளர். அன்னையரும் உழவரும் நெடுங்காலப் பழக்கத்தால் அறிந்தவை மிகப்பல. அவற்றுட் பெரும்பாலன உண்மையும் ஆம். ஆயினும், இன்ன உணவு நன்று என அறிதல் வேறு. அஃது ஏன் நன்று என அறிதல் வேறு. அரிசி ஆலை புதிதாக ஊருக்குள் வந்தபோதும், புதுவகைத் தீவனம் தொழுவத்திற்கு வந்தபோதும், பழக்கம் வழிகாட்டாது நின்றுவிட்டது. அவ்விடங்களிற் காரணம் அறிந்தாரே வழிகண்டனர். அக்காரணங்களை நிறுத்தும் அளந்தும் காண்பதே இவ்வியலின் தொழில்.

இக்கட்டுரையில் யாம் கூற எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே. மக்கள் உணவூட்டவியலும் விலங்கு உணவூட்டவியலும் ஒரே கலையின் இரு பகுதிகள். ஒன்றைக் கற்று மற்றொன்றை அறவே விட்டவர், தாம் கற்ற பகுதியையும் குறைவறக் கற்றவர் ஆகார். இதனைச் சில வரலாறுகளால் விளக்குவோம்.

முதற்கண் இவ்வியலின் அடிப்படையாகிய அளவையைப் பார்ப்போம். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் என்பார், லாப்லாஸ் என்பாருடன் கூடி, 1782-83ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்து, அதன் உடற்சூட்டால் உருகிய நீரை நிறுத்தறிந்தார். அவ்வுயிர் வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்து, கரி எரியும்போது உண்டாகும் வெப்பத்தோடு ஒப்பிட்டு நோக்கினார். உயிர்களின் மூச்சும் விளக்கின் சுடரும் ஓரினச் செயல்களே என்னும் முடிபுக்கு அவ்வளவை துணைசெய்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அமெரிக்க அறிஞர் அட்வாட்டர், மனிதன் ஒருவன் பல நாள் உண்டும் உறங்கியும் உழைத்தும் இருத்தற்குரிய அறையொன்றை அமைத்து, அவனிடத்தும் அத்தகைய அளவையே நிகழ்த்தினார். அவர்தம் ஆராய்ச்சியினின்று எழுந்த எண்களே இன்றும் வழங்குகின்றன: புரதம் ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி, மாச்சத்து ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. ஒருவர் ஒரு நாளில் 60 கிராம் புரதமும், 40 கிராம் கொழுப்பும், 350 கிராம் மாச்சத்தும் உண்பாராயின், அவர் பெறுவது 240, 360, 1400 ஆகக்கூடி 2000 கிலோகலோரி. இக்கணக்கு மனிதரை அளந்து முடிந்ததாயினும், அளக்கும் முறை கினிப்பன்றியிடத்தே தொடங்கிற்று என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

மற்றொரு முறை தொழுவத்திற் பிறந்து மனிதர்க்குப் பயன்பட்டது. 1860ஆம் ஆண்டையொட்டிச் செர்மனி நாட்டிற் கெட்டிங்கன் நகருக்கு அண்மையிலுள்ள வீண்டே என்னுமிடத்தில், ஹென்னபெர்க், ஸ்டோமன் என்னும் இருவர், மாட்டுத் தீவனத்தை ஈரம், சாம்பல், கொழுப்பு, நார், புரதம், எஞ்சிய மாச்சத்து என ஆறு கூறாகப் பகுக்கும் முறையை வகுத்தனர். உணவூட்டவியல் கற்கப் புகும் மாணவர் ஆய்வுக்கூடத்தில் முதலிற் பழகுவன இத்தகைய வேலைகளே. பொருளை உலர்த்தி நிறுப்பர். எரித்துச் சாம்பலை நிறுப்பர். ஈதரிற் கரைத்துக் கொழுப்பை எடுப்பர். நைட்ரசனை அளந்து, 6.25ஆற் பெருக்கிப் புரதத்தைக் கணிப்பர். பின்னர்ச் செரிமானத்தை அளப்பர். ஒரு பசு நாளொன்றுக்கு 10 கிலோ உலர்பொருளைத் தின்று, 4 கிலோ உலர்பொருளைச் சாணமாகக் கழிக்குமாயின், செரித்தது 6 கிலோ, அஃதாவது நூற்றுக்கு அறுபது. சாணத்தை நிறுக்க நாணுபவர் இக்கலைக்கு ஆகார்.

இனி, இவ்வளவைகள் மட்டும் போதுமோ எனின், போதா என்று பசுக்களே அறிவுறுத்தின. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1907ஆம் ஆண்டு ஒரு சோதனை தொடங்கப்பெற்றது. பதினாறு இளம் பசுக்களை நந்நான்காகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மக்காச்சோளப் பயிரை மட்டும், ஒரு பிரிவுக்குக் கோதுமைப் பயிரை மட்டும், ஒரு பிரிவுக்கு ஓட்ஸ் பயிரை மட்டும், எஞ்சிய பிரிவுக்கு மூன்றன் கலவையையும் அளித்தனர். வேதியியற் கணக்கின்படி நால்வகைத் தீவனமும் சமம். ஆயினும் மக்காச்சோளம் தின்ற பசுக்கள் செழித்து, வலிய கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவையோ மெலிந்து பார்வை குன்றின. அவற்றின் கன்றுகளும் உயிர்தரிக்கவில்லை. தராசிலும் எரிகலத்திலும் அகப்படாத ஏதோ ஒன்று உணவில் உண்டு என்பது வெளிப்பட்டது. பசுவைக்கொண்டு அதனைத் தேடுதல் பல்லாண்டு கொள்ளும் என்று கண்ட மெக்காலம் என்னும் அறிஞர் எலிகளை வளர்த்து ஆராயலானார். 1913ஆம் ஆண்டு, வெண்ணெயில் உள்ளதும் பன்றிக் கொழுப்பில் இல்லாததுமாகிய ஒரு பொருள் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பதை அவரும் மார்கரீட் டேவிஸ் என்னும் அம்மையாரும் வெளியிட்டனர். அதுவே பின்னர் வைட்டமின் ஏ எனப் பெயர்பெற்றது. மாலைக்கண் நோயுற்ற குழந்தைக்கு இன்று நாம் அளிக்கும் மருந்தின் வரலாறு இங்ஙனம் ஒரு மாட்டுத் தொழுவத்தோடு தொடர்புடையது.

நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது பெரிபெரி நோயின் வரலாறு. ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில் டச்சு மருத்துவர் எய்க்மன் என்பார் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில திங்கள் சென்றபின் தாமே தேறின. ஆராய்ந்தபோது, நோயுற்ற காலத்தில் அவை மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றன என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அதனைத் தர மறுத்ததனால் தீட்டாத அரிசிக்கு மாறின என்பதும் தெரியவந்தன. அரிசியில் நஞ்சு உளது என்று எய்க்மன் முதலிற் கருதினார். தவிட்டோடு நீங்கிய ஒரு சத்தின் குறைவே காரணம் என்று அவர்க்குப்பின் வந்த கிரைன்ஸ் 1901ஆம் ஆண்டு தெளிவுறுத்தினார். அச்சத்தாகிய தயமினை 1936ஆம் ஆண்டு செயற்கையாக ஆக்கிக்காட்டிய இராபர்ட் வில்லியம்ஸ் என்பார், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில், 1886ஆம் ஆண்டு, மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்தவர்.

அம்மாகாணத்திலேயே அந்நோய்க்கு ஒரு பெருஞ்சான்றும் இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார்ப் பகுதியிற் பெரிபெரி வேரூன்றியிருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அஃது அரிதாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியினுள்ளே இறங்கிவிடுகின்றது. அதன்பின் தீட்டினும் முற்றும் நீங்குவதில்லை. நெல் புழுக்கிய நம் மூதாட்டியர் இதன் காரணத்தை அறிந்திலர்; பயனை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுவந்தனர். குன்னூரில் மெக்காரிசன் நடத்திய ஆய்வுக்கூடத்தில், இந்தியப் பகுதிகள் பலவற்றின் உணவை எலிக்கூட்டங்களுக்கு அளித்து ஒப்பிட்டபோது, முழுக்கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கனிகளோடு கூடிய சீக்கியர் உணவு தலைநின்றது. சென்னை மாகாணத்தாரின் அரிசியுணவு கடைநின்றது. அவ்வாய்வுக்கூடமே 1958ஆம் ஆண்டு ஐதராபாத்திற்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

இவ்வாறு கூறியதனால், விலங்குக்குப் பொருந்துவதெல்லாம் மனிதர்க்கும் பொருந்தும் என்று மாணவர் கொள்ளற்க. உயிரினங்கள் எங்கெங்கே வேறுபடுகின்றன என அறிதலே இக்கலையின் நுட்பமான பகுதி. எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். ஆதலின் எத்தனை எலிகளை ஆராய்ந்தாலும் ஸ்கர்வி நோயின் காரணம் விளங்காது. 1907ஆம் ஆண்டு நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், ஃபுரோலிச் என்னும் இருவரும் கினிப்பன்றியைத் தேர்ந்தமையால் அந்நோய் ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்டது. கினிப்பன்றியும் மனிதரைப்போல அச்சத்தை ஆக்கும் ஆற்றல் அற்றது. கேரட்டிலுள்ள மஞ்சட் பொருளை நாம் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்வோம். பூனைக்கு அவ்வாற்றல் இல்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலைச் சிதைத்து அதற்கு உணவாக்குகின்றன. பி வகை வைட்டமின்களையும் ஆக்கித் தருகின்றன. நமக்கோ வைக்கோல் பயன்படாது. அவ்வைட்டமின்களை உணவினின்றே பெறல் வேண்டும். எவ்வுயிரை எவ்வினாவுக்குத் தேர்வது என்பதை அறியாத ஆராய்ச்சி வீண் முயற்சியாகும்.

இவ்வொற்றுமை வேற்றுமைகளை ஒருங்கே காட்டுவது வைட்டமின் பி12-இன் வரலாறு. ஆஸ்திரேலிய நாட்டுச் சில பகுதிகளிற் புல் நிறைந்திருந்தும் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து மெலிந்து மடிந்தன. அம்மண்ணில் கோபால்ட் என்னும் உலோகம் குறைந்திருத்தலே காரணம் என்று 1935ஆம் ஆண்டளவில் அறிந்தனர். ஆடொன்றுக்கு நாளும் ஒரு மில்லிகிராமிற் பத்திலொரு பங்கு கோபால்ட் போதுமானதாயிற்று. இஃது இவ்வாறாக, அமெரிக்காவில் விப்பிள் என்பார், இரத்தம் இழக்கச்செய்த நாய்கள் ஈரல் உண்டு விரைந்து தேறுதலைக் கண்டார். அதனையொட்டி மைனாட், மர்ஃபி என்னும் மருத்துவர், அதுவரை உயிர்கொல்லியாக இருந்த கொடிய இரத்தசோகையை ஈரலுணவால் தணிக்கலாம் என 1926ஆம் ஆண்டு மெய்ப்பித்தனர். நாய்களுக்கு நேர்ந்த குறை வேறு, மனிதர்க்கு நேர்ந்த குறை வேறு என்பது பின்னரே புலப்பட்டது. எனினும் வழி திறந்துவிட்டது. 1948ஆம் ஆண்டு ஈரலினின்று அச்சத்தைப் பிரித்தெடுத்தபோது, அதன் நடுவே கோபால்ட் இருக்கக் கண்டனர். ஆட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக்கொண்டு ஆக்குவதும், மனிதர் உயிர்காப்பதும் ஒரே பொருள். மேய்ச்சல் நிலத்து ஆராய்ச்சியும் மருத்துவமனை ஆராய்ச்சியும், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே இடத்தில் வந்து கூடின.

இவ்விரு துறையும் கூடாதவிடத்து நேரும் தீங்கும் சிறிதன்று. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு நூறாயிரத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் இன்னதென்று அறியப்படாத நோயால் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கிற் பூத்த ஒரு பூசணம் அஃபிளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கியிருந்தது. 1974ஆம் ஆண்டு நம் நாட்டில் இராசத்தான், குசராத் மாநிலங்களின் பழங்குடி ஊர்களிற் பூசணம் படிந்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் நோயால் இறந்தனர். முன்னது கோழிப்பண்ணைச் செய்தி, பின்னது மனிதர் துயரம் என்று பிரித்துக்காண்டல் இயலுமோ? நனைந்து பூத்த பிண்ணாக்கைப் பசுவுக்கு இடுவோமாயின், அந்நஞ்சின் ஒரு கூறு பாலிலும் வந்துசேரும். பாலைக் காய்ச்சினும் அது கெடாது. தொழுவத்திற் செய்த பிழை தொட்டிற் குழந்தையின் கிண்ணத்தை எட்டுகின்றது.

நம் நாட்டில் மக்கள் உணவூட்டவியல் பெரும்பாலும் மனையியற் துறைகளிலும், விலங்கு உணவூட்டவியல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் தனித்தனியே கற்பிக்கப்பெறுகின்றன. கற்பித்தலின் வசதிக்காக அங்ஙனம் பிரித்தல் தகும். ஆயினும் அப்பிரிவு மாணவர் உள்ளத்திலும் சுவராக எழும்புதல் ஆகாது. நாம் செரிக்கமாட்டாத வைக்கோலையும் தவிட்டையும் பிண்ணாக்கையும் பசு பாலாக்கித் தருமளவும் அது நமக்குத் துணை. நாம் உண்ணத்தக்க தானியத்தையே மிகுதியாக அதற்கு இடுவோமாயின், அது நம் கலத்திற் பங்கு கேட்பதாகும். எவ்வளவு வரை துணை, எவ்வளவுக்குமேற் போட்டி என்பதை, இருதிறத்துக் கணக்கையும் அறிந்தாரே கூறவல்லார். வறுமையுற்ற நாட்டில் இக்கணக்குப் பிழைபடின், பசித்திருப்பவர் ஏழையரே.

ஆகவே, இக்கலையை நாடும் மாணவர்க்கு யாம் கூறுவது இது. வேதியியலையும் உடலியலையும் நுண்ணுயிரியலையும் செவ்வனே கற்மின், கணக்கியலையும் புறக்கணியாதீர். மக்கள் உணவு கற்போர் ஓராண்டிற் சில நாளேனும் மாட்டுத் தொழுவத்திற்குச் சென்று, தீவனம் நிறுப்பதையும் சாணம் நிறுப்பதையும் காண்க. கால்நடை உணவு கற்போர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்று, ஊட்டம் குன்றிய குழந்தையின் எடையை எழுதும் ஏட்டைப் பார்க்க. கோழியும் எலியும் கினிப்பன்றியும் பசுவும் தம் உடலால் நமக்கு இக்கலையைக் கற்பித்தன. அவற்றுட் பல அதன்பொருட்டு உயிரும் இழந்தன. அக்கடனைத் தீர்க்கும் வழி, அவ்வறிவைக் கொண்டு மக்களுக்கும் மாக்களுக்கும் குறைவற உணவளிப்பதேயாம்.