காரின் கீறலும் காப்பீட்டுக் கணக்கும்

குறுகலான தெருவில் திரும்பும்போதோ, நிறுத்துமிடத்திலிருந்து பின்னோக்கி எடுக்கும்போதோ காரின் கதவில் ஒரு நெளிவும் நீண்ட கீறலும் விழுந்துவிடுகின்றன. ‘காப்பீடுதான் இருக்கிறதே’ என்பதே உடனே நம் மனத்தில் எழும் ஆறுதல். காப்பீடு இருப்பது உண்மையே. ஆயினும் சிறிய சேதத்திற்கு அதை நாடுவது பல வேளைகளில் கூடுதல் செலவில் முடிகிறது. இதை ஒரு கணக்கின் வழியே காண்போம்.

காப்பீட்டு நிறுவனம் பழுதுச் செலவு முழுவதையும் வழங்குவதில்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் கட்டாயக் கழிவு உண்டு. 1,500 சி.சி. வரையிலான தனியார் கார்களுக்கு அது 1,000 ரூபாய். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாய். அடுத்தது தேய்மானம். புதிதாக மாற்றப்படும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும், உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பவும் கழிக்கப்படும். பெயின்ட் பொருளின் விலையிலும் 50 சதவீதம் கழியும். பெயின்டிங்கிற்கு மொத்தமாகப் பில் தரப்பட்டால், அதில் 25 சதவீதம் பொருளின் விலையாகக் கொள்ளப்படும்.

பில்லில் தென்படாத மற்றோர் இழப்பும் உண்டு. அது நோ கிளெய்ம் போனஸ். கோரிக்கையின்றிக் கழியும் ஆண்டுகளுக்கேற்ப, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என இச்சலுகை படிப்படியாக உயர்கிறது. ஒரே ஒரு கோரிக்கை வைத்தாலும் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யமாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, சிறிய கார் ஒன்றின் சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றும், உரிமையாளர் இப்போது 35 சதவீத போனஸ் பெறுகிறார் என்றும் கொள்வோம். இரு கதவுகளைச் சீர்செய்ய டிங்கரிங் 4,000, பெயின்டிங் 8,000, ஆக 12,000 ரூபாய் ஆகிறது. கோரிக்கை வைத்தால் பெயின்ட் தேய்மானம் 1,000, கட்டாயக் கழிவு 1,000 போக, 10,000 ரூபாய் கிடைக்கும். கையிலிருந்து செலவாவது 2,000 மட்டுமே.

ஆனால் அடுத்த ஆண்டு 5,500 செலுத்த வேண்டியவர் 10,000 செலுத்துவார். அதாவது, 4,500 கூடுதல். பிரீமியம் மாறாதெனக் கொண்டால், தொடரும் ஆண்டுகளில் 3,000, 2,500, 1,500, 500 என மேலும் கூடும். ஐந்தாண்டுகளில் இழப்பு 12,000 ரூபாய். கையிலிருந்து தந்த 2,000-ஐயும் சேர்த்தால், 12,000 ரூபாய் வேலைக்கு 14,000 செலவிட்டவராகிறார்!

பழுது 60,000 ரூபாயாக இருந்தால் கோரிக்கை வைப்பதே அறிவுடைமை. கிடைக்கும் தொகை, இழக்கும் போனஸைவிட அதிகமா என்பதே அளவுகோல். தேய்மானக் கழிவற்ற கூடுதல் காப்பு, போனஸைக் காக்காது. அதற்கெனத் தனிக் காப்பு உண்டு. வெவ்வேறு நாள்களில் பட்ட அடிகளை ஒரே விபத்தாகக் காட்டுவது தவறான தகவல் அளிப்பதாகும், கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். பிறருக்குக் காயமோ சேதமோ நேர்ந்திருந்தால், தொகை பாராமல் நிறுவனத்திற்குத் தெரிவித்தாக வேண்டும்.

சொந்தச் செலவில் செய்வதென முடிவெடுத்தால், வேலையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதிலேயே சிக்கனம் இருக்கிறது. பெயின்ட் விரிசல் விடாத நெளிவை, பெயின்ட் அடிக்காமலே உட்புறமிருந்து தள்ளி நிமிர்த்த இயலும். பிளாஸ்டிக் பம்பரில் விழுந்த கீறல் காத்திருக்கலாம், அது துருப்பிடிக்காது. இரும்புத் தகடு வெளியே தெரியும் இடம் காத்திருக்காது. துரு பரவினால் சிறிய செலவு பெரிதாகும்.

இரண்டு மூன்று பணிமனைகளில் எழுத்து மூலமான மதிப்பீடு பெறுவோம். டிங்கரிங், பெயின்டிங், பாகங்கள், வரி ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். தகட்டை நிமிர்த்தாமல் பட்டி பூசியே சமப்படுத்தினால், அது நாளடைவில் வெடித்து உதிரும். எனவே பட்டி பூசும் முன் ஒருமுறை நேரில் பார்ப்பது நன்று. பெயின்ட் வண்டியின் நிறக் குறியீட்டின்படி கலக்கப்படுகிறதா எனவும் கேட்க வேண்டும். வண்டியைத் திரும்பப் பெறும்போது பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். விளக்கொளியில் நிற வேறுபாடு தெரியாமற்போகலாம்.

மேற்கண்ட உரிமையாளர் கோரிக்கையைத் தவிர்த்தால், அடுத்த ஆண்டில் போனஸால் மட்டும் 4,500 ரூபாய் மிச்சமாகிறது. மாதம் 375 ரூபாய் வீதம் அதைத் தொடர் வைப்பில் சேர்த்து வந்தால், அடுத்த கீறலுக்கான பணம் முன்னரே கணக்கில் இருக்கும்.